மாதங்கி திருத்திய அறுநூறு சொற்கள்

டெல்லி ஜனக்புரியில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்த பயிற்சி மையத்தில் மாதங்கி நான்கு வருடம் வேலை பார்த்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிங்கப்பூர், ஹாங்காங், சியோல் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது கூடவே ஒரு கட்டுரையும் அனுப்ப வேண்டும். 'உங்களை மாற்றிய ஒரு நிகழ்வைப் பற்றி அறுநூறு சொற்களுக்குள் எழுதுக' என்பது போல ஏதாவது கேட்டிருப்பார்கள். பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவதைப் படிக்கத் தகுந்ததாக ஆக்கிக் கொடுப்பது அவள் வேலை.

அதற்கு முன் பதினாறு வருடம் ஓர் ஆங்கில வாரப் பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தாள். கும்பகோணம் பக்கத்துக் குடும்பம் என்றாலும் பிறந்தது வளர்ந்தது எல்லாம் டெல்லியில்தான். பத்திரிகை கொரோனா வருடத்தில் மூடப்பட்டது. அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. தனி ஆள். ஆறு மாதம் அலைந்த பிறகு கிடைத்தது இந்த வேலை.

அவளுக்கு அது நன்றாகவே வந்தது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே கட்டுரையைத்தான் கொண்டுவருவார்கள். அநாதை இல்லத்துக்குப் போனேன், மனம் மாறினேன். பள்ளிக் கிரிக்கெட் அணிக்குத் தலைவனானேன், பொறுப்பு கற்றேன். மாதங்கி காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பிப்பாள். அன்றைக்கு என்ன கிழமை? அந்த அறையில் ஜன்னல் எந்தப் பக்கம்? யார் முதலில் பேசினார்கள்? என்ன வார்த்தை சொன்னார்கள்? பையனோ பெண்ணோ முதலில் திணறும். மூன்றாவது தடவை உட்காரும்போது ஏதாவது ஒன்று வெளியே வந்துவிடும். அப்பா குடிப்பது, அக்கா ஓடிப்போனது, தோற்ற பரீட்சையை மறைத்தது. அதை வைத்து அவள் கட்டுரையைக் கட்டுவாள். மையத்தின் முதலாளி மல்ஹோத்ரா, "மாதங்கி ஜி கையில் ஒப்படைத்தால் கல்லும் பேசும்" என்று பெற்றோர்களிடம் ஹிந்தியில் சொல்லிக்கொள்வார்.

அபூர்வா வந்தது 2024 அக்டோபரில். ஆர்.கே.புரத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸ் பெண். அப்பா ராஜவேல் ஓர் அமைச்சகத்தில் பிரிவு அலுவலராக இருந்து, 2021 ஏப்ரலில் கொரோனாவில் இறந்துபோனவர். அம்மா வசுமதிக்குக் கருணை அடிப்படையில் அதே அமைச்சகத்தில் எழுத்தர் வேலை கொடுத்திருந்தார்கள். பெண் கணக்கில் கெட்டிக்காரி. சிங்கப்பூரில் உயிர்மருத்துவப் பொறியியல் படிக்க வேண்டும், உதவித்தொகையோடு இடம் வேண்டும் என்று வந்திருந்தாள்.

அவளும் பள்ளி ரோபோ போட்டியைப் பற்றித்தான் எழுதி வந்தாள்.

"இதை யார் வேணா எழுதலாமே, அபூர்வா. உன்னோடதுன்னு இதுல என்ன இருக்கு?"

"பட் மேம், நாங்க நேஷனல் லெவல் போனோம்."

"சரி. எதுக்கு மெடிக்கல் மெஷின் பண்ணணும்னு தோணித்து உனக்கு?"

அபூர்வா பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். மாதங்கிக்கு அந்தக் கை அசைவு பழக்கமானது. இந்தப் பெண்ணிடம் ஏதோ இருக்கிறது என்று புரிந்துவிட்டது.

இரண்டாவது முறை அப்பாவைப் பற்றிப் பேசினாள். மூன்றாவது முறை, நவம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம், மீதி எல்லாமும் வந்தது.

அந்த ஏப்ரலில் வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல். அப்பா முன்னறையில், அம்மா உள்ளறையில். அபூர்வாவுக்குப் பதினான்கு வயது, அவளுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. தொலைபேசியில் டாக்டர் சொன்னபடி இரண்டு மணிக்கொரு தரம் அப்பாவின் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி, அது காட்டும் ஆக்ஸிஜன் அளவை மஞ்சள் அட்டை நோட்டு ஒன்றில் எழுதுவது அவள் பொறுப்பு. தொண்ணூறுக்குக் கீழே போனால் உடனே கூப்பிட வேண்டும்.

"செவ்வாய்க்கிழமை மேம். மத்தியானம் ரெண்டு மணி. எய்ட்டி ஃபோர் காட்டிச்சு. வேற விரல்ல போட்டேன், அப்பவும் எய்ட்டி ஃபோர். அப்பா கை ரொம்ப தண்டா, ஜில்லுன்னு இருந்துச்சு, அதனாலன்னு நெனச்சேன். அப்போ அம்மா உள்ள இருந்து கேட்டாங்க, எவ்ளோ காட்டுதுன்னு. அவங்களுக்கு நூத்தி மூணு ஃபீவர். இருமிட்டே கேட்டாங்க. நான் நைன்ட்டி ஃபோர்னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"சொன்னதை மாத்த முடியாதுல்ல? அதனால நோட்லயும் அதையே எழுதினேன். அடுத்த தடவை சரியாயிடும்னு நெனச்சேன்."

அடுத்த தடவை எழுபத்தொன்று. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் காரில் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு ஆஸ்பத்திரிகளில் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவதன் வாசலில் காருக்குள்ளேயே ராஜவேலின் உயிர் போயிற்று.

இந்த இடத்தில் மாதங்கியின் மனத்தில் முதலில் எழுந்தது துக்கமல்ல. 'கிடைத்துவிட்டது' என்றுதான் தோன்றியது. பின்னால் அவளே, பத்திரிகை நாட்களிலிருந்து அவளுக்குப் பழக்கமான என்னிடம், இதைச் சொன்னாள். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதல் வாக்கியம் என்ன, கடைசிப் பத்தி எங்கே திரும்ப வேண்டும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டதாம். அதற்கப்புறம்தான் எழுந்து போய் அபூர்வாவின் தோளைத் தொட்டாள்.

"நீ குழந்தைடா அப்போ. அன்னிக்கு டெல்லியில யாருக்குமே பெட் கிடைக்கலை. ரெண்டு மணி நேரம் முன்னாடி போயிருந்தாலும் இதேதான் ஆயிருக்கும்."

"ஆகியிருக்குமா மேம்?"

மாதங்கி தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்ல. தெரியக் கூடாது. ப்ளீஸ்."

"இந்தக் கட்டுரையை யுனிவர்சிட்டிக்காரா தவிர வேற யாரும் பார்க்க மாட்டா. நான் பொறுப்பு" என்றாள் மாதங்கி.

இரண்டு வாரம் இருவரும் அதன்மேல் உட்கார்ந்தார்கள். அபூர்வா எழுதினாள், மாதங்கி வெட்டினாள். மஞ்சள் அட்டை நோட்டை முதல் வாக்கியத்துக்குக் கொண்டுவந்தது மாதங்கி. உள்ளறையிலிருந்து வந்த இருமலைச் சேர்த்தவளும் அவள்தான். 'ஒரு எட்டை ஒன்பதாக்கப் பேனாவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை' என்பது அபூர்வாவின் சொந்த வரி. அதில் மாதங்கி கை வைக்கவில்லை. பயந்துபோன ஒரு குழந்தையை நம்பியிருக்கத் தேவையில்லாத கருவிகளைச் செய்ய விரும்புகிறேன் என்று கட்டுரை முடிந்தது. தான் தொட்டதிலேயே சிறந்தது இது என்று மாதங்கிக்குத் தெரிந்திருந்தது.

ஏப்ரலில் இடம் கிடைத்தது, முழு உதவித்தொகையோடு. வசுமதி மையத்துக்கு வந்து மாதங்கியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. இருபது வருட டெல்லி வாசம் அவள் பேச்சை அதிகம் மாற்றவில்லை. "அவுக இருந்திருந்தா எம்புட்டு சந்தோசப்பட்டிருப்பாக. நீங்க நல்லா இருக்கணும் மேடம்" என்றாள்.

மே மாதத்தில் மல்ஹோத்ரா அடுத்த வருடத்துப் பிள்ளைகளின் பெற்றோர்களுக்கு ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார். பக்கத்து மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை. திரையில் காட்ட நல்ல கட்டுரைகளாக ஐந்தாறு வேண்டும் என்று கேட்டார். மாதங்கி கொடுத்த கோப்பில் அபூர்வாவின் கட்டுரையும் இருந்தது. பெயரை எடுத்திருந்தாள். பெயர் இல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தாள். வாக்குக் கொடுத்தது ஞாபகம் இல்லாமல் போகவில்லை. தன் வேலையில் சிறந்ததை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

மல்ஹோத்ரா வசுமதியையும் அழைத்திருந்தார். வெற்றி பெற்ற பெண்ணின் அம்மா, மேடையில் இரண்டு வார்த்தை சொல்லட்டும் என்று. இதை மாதங்கியிடம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

பதினொரு மணிக்கு வசுமதி பச்சைப் பட்டுப்புடவையில், கையில் ஒரு மிட்டாய் டப்பாவோடு உள்ளே வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். அபூர்வா வரவில்லை. மாதங்கி சுவரோரம் நின்றிருந்தாள். கட்டுரைகளின் வரிசை அவளுக்குத் தெரியும். அபூர்வாவுடையது நான்காவது. இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கணினியில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வசுமதியை ஏதோ சாக்குச் சொல்லி வெளியே கூப்பிட்டிருக்கலாம். மல்ஹோத்ரா அவசரக்காரர், வேகமாகத் தள்ளிவிடுவார் என்று எண்ணினாள். இவளுக்கு இந்த ஆங்கிலம் அவ்வளவு வேகமாகப் படிக்க வராது என்றும் எண்ணினாள். இந்த இரண்டாவது எண்ணத்துக்காக அவள் பிறகு மிகவும் வெட்கப்பட்டாள். வசுமதி நாள் முழுக்க ஆங்கிலக் கோப்புகளைப் படிக்கிறவள். மாதங்கி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

நான்காவது கட்டுரை வந்ததும் மல்ஹோத்ரா நிறுத்தினார். "இதை நான் வாசித்தே காட்டுகிறேன்" என்று ஒலிபெருக்கியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, நல்ல உணர்ச்சியோடு வாசித்தார். மஞ்சள் அட்டை நோட்டு. செவ்வாய்க்கிழமை. இரண்டு மணி. உள்ளறையிலிருந்து அம்மாவின் இருமல். எட்டு ஒன்பதானது. முடித்ததும் கைதட்டினார்கள். முன் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வசுமதியின் முதுகு மட்டும் மாதங்கிக்குத் தெரிந்தது. அது அசையவே இல்லை. பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டபோது அவள் எழுந்து, எதிர்ப்பக்கமாகத் திரும்பி, வாசலை நோக்கி நடந்தாள். மிட்டாய் டப்பா நாற்காலியிலேயே இருந்தது.

மாதங்கி படிக்கட்டில் அவளைப் பிடித்தாள்.

"வசுமதி, ஒரு நிமிஷம் உட்காருங்கோ. நான் சொல்றதை..."

"எப்ப சொன்னா?"

"நவம்பர்ல."

"உங்ககிட்ட எத்தனை நாள்ல சொன்னா?"

"மூணாவது கிளாஸ்ல."

வசுமதி படியில் உட்கார்ந்தாள். "நாலு வருசமா நானும் அவளும் ஒரே தட்டுல திங்கோம். ஒரே கட்டில்ல படுக்கோம். நான்தான் எந்திரிச்சுப் போயி பாத்திருக்கணும்னு தெனம் நெனச்சிட்டுக் கெடக்கேன். காய்ச்சல்னு படுத்துக் கெடந்துட்டனே, புருசனைப் புள்ளகிட்ட விட்டுட்டனேன்னு. அது அவளுக்கும் தெரியும். நான் அழும்போதெல்லாம் பக்கத்துலதான் இருப்பா. அப்பகூட வாயத் தொறக்கல."

"குழந்தை, பயந்துட்டா."

"அவ மேல எனக்கு என்ன கோவம்?" வசுமதியின் குரல் உயர்ந்தது. "எம்மா, அந்த வயசுல அது என்ன செய்யும்? எங்கிட்டதான மொதல்ல சொல்லியிருக்கணும்? இல்ல, யாருட்டயும் சொல்லாமயே இருந்திருக்கணும். ஊருல உள்ளவுகள்லாம் கைதட்டுதாக. எம் புருசன் செத்ததுக்குக் கைதட்டுதாக."

மாதங்கி மன்னிப்புக் கேட்டாள். வசுமதி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கீழே போய் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.

அவள் மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று சொல்லவும் இல்லை. ஆனால் இந்த ஊரில் இப்படிப்பட்டது ஓரிடத்தில் நிற்காது. கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு தாய் திரையைப் படம் பிடித்துத் தன் பையனுக்கு அனுப்ப, அது பத்து நாளில் அபூர்வாவின் கைபேசிக்கே வந்து சேர்ந்தது. அம்மா அன்று அங்கே போயிருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். பட்டுப்புடவையில் போனவள் எதுவும் பேசாமல் வந்து படுத்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

அவள் மையத்துக்கு வந்தாள். உட்காரவில்லை.

"நீங்க ப்ராமிஸ் பண்ணீங்க மேம்."

"தப்புதான்டா. பெரிய தப்பு."

"நான் அங்க போனப்புறம் அம்மாகிட்ட சொல்லணும்னு வெச்சிருந்தேன். லெட்டர் எழுதலாம்னு. தமிழ்ல எழுதணும்னு ப்ராக்டிஸ்கூட பண்ணேன்." அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். "அதையும் நீங்களே சொல்லிட்டீங்க."

மாதங்கி கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் இறங்கிப் போனாள்.

ஆகஸ்டில் அபூர்வா சிங்கப்பூர் போனாள். விமான நிலையத்துக்கு வசுமதியும் கூடவே போனாள், பெட்டியைத் தள்ளினாள், பருப்புப்பொடி எந்தப் பையில் இருக்கிறது என்று சொன்னாள். வேறு எதுவும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. யார் முதலில் ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. தள்ளிப்போடத் தள்ளிப்போட அது இன்னும் கடினமாயிற்று.

மாதங்கி ஜூனிலேயே அந்த மையத்தைவிட்டு விலகிவிட்டாள். மல்ஹோத்ராவுக்குக் காரணம் கடைசிவரை புரியவில்லை. "பெயரைத்தான் எடுத்துவிட்டோமே" என்றார். இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு துவாரகாவில் வேறொரு மையத்தில் சேர்ந்தாள், வேறு எந்த வேலையும் கிடைக்காததால். இப்போது பிள்ளைகள் கிரிக்கெட் அணியைப் பற்றி எழுதி வந்தால் இலக்கணத்தைத் திருத்திக் கொடுத்துவிடுகிறாள். ஒரு பையன் தன் தம்பியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது, "அது வேண்டாம், கிரிக்கெட்டே நன்னா இருக்கு" என்று நிறுத்தினாள். அந்தப் பையனுக்கு எங்கும் இடம் கிடைக்கவில்லை. உங்களுக்கு இருந்த நல்ல பெயரைக் கேட்டல்லவா எடுத்தோம் என்று புது முதலாளி ஒருநாள் முகத்துக்கு நேராகவே சொன்னார். அடுத்த வருடம் வைத்துக்கொள்வார்களா என்பது சந்தேகம்தான்.

அதற்கு முன், டிசம்பரில், முருகனைக் கும்பிட மலை மந்திருக்குப் போய்விட்டு ஆர்.கே.புரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தபோது வசுமதியைப் பார்த்தாள். நல்ல பனி. எதிர்ச்சாரிக் கட்டடங்கள் தெரியவில்லை. வசுமதியும் அவளைப் பார்த்துவிட்டாள். விலகிப் போகவில்லை.

"அபூர்வா எப்படி இருக்கா?" என்று மாதங்கி கேட்டாள்.

"நல்லா இருக்கா. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை போன் பண்ணுதா. என்ன சாப்பிட்டேன்னு நான் கேப்பேன், சொல்லுவா. என்ன சாப்பிட்டம்மான்னு அவ கேப்பா." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "லீவுக்கு வரலையாம். ப்ராஜெக்ட் இருக்குன்னு சொன்னா. சரின்னுட்டேன்."

"நீங்களே ஒரு தடவை பேச்சை எடுத்தா..."

"எடுக்கத்தான் நெனைக்கேன். ஒவ்வொரு வாரமும் நெனைக்கேன்." வசுமதி வண்டி வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்ககிட்ட சொன்ன மாதிரி எங்கிட்ட சொல்லுவாளான்னு இருக்கு. நீங்க எப்பிடிக் கேட்டீகன்னு எனக்குத் தெரியலையே."

பேருந்து வந்துவிட்டது. வசுமதி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாதங்கி போக வேண்டியதும் அதே வண்டிதான். அவள் ஏறவில்லை. அடுத்தது வர நாற்பது நிமிடம் ஆயிற்று.