தண்ணீரில் எழுதிய ‘ழ’

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தருகே பழக்கடைக்காரர், வெயிலில் கொதித்த சுவரில் தண்ணீர் தெளித்தார். சிமெண்ட் வாசனை எழுந்ததும் எனக்கு ஆறு வயதாகிவிட்டது.

நைனா அப்போதுதான் போர்டு எழுதப் பழகிக்கொண்டிருந்தார். கழனியிலிருந்து வந்ததும் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி, வீட்டுச் சுவரில் ‘ழ’ போடுவார். வாலைச் சுழிப்பதற்குள் தலை காய்ந்துவிடும். வெயில் தின்னத் தின்ன, மறுபடியும் போடுவார். தினமும். நான் வாய் பிளந்து பார்ப்பேன்.

“இன்னாய்யா, அதே எயுத்தையே போட்டுக்கினு கீற?” என்பாள் அம்மா.

“வாய்லதான் வரல, கைலயாவது வரட்டுமே!” என்பார் நைனா.

நிமிர்ந்தேன். கடைக்கு மேலே நைனா எழுதிய ‘வாழைப்பழம்’. இத்தனை வருஷ வெயிலுக்குப் பிறகும் இரண்டு ‘ழ’வும், இப்போதுதான் எழுதிய ஈரத்தோடு நின்றன.

“வாயப்பயம் வேணுமாம்மா?” என்றார் கடைக்காரர்.