வடிவக்காவின் மூங்கில் வில்

ஆமணக்கெண்ணெய் பூசிய மூங்கிலை அடுப்புக் கனலில் வாட்டும்போது எழும் அந்தக் கமறல் வாசனைதான், வடிவக்கா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. இருபதாம் நூற்றாண்டு பிறந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும்; அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் எங்கள் வீடு. அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு எட்டு.

சோளக்கொல்லையில் கிளி விரட்ட அவளாகவே வில் செய்ய முனைந்தாள். பச்சை மூங்கிலில் செய்தது வளைந்தபடியே நின்றுவிட்டது. பனை வைரத்தில் செய்தது இரண்டாம் இழுப்பிலேயே முறிந்தது. பிறகு, பரணில் ஒரு வருஷம் காய்ந்து கிடந்த முற்றிய மூங்கிலைப் பிளந்து, நடுவில் கனமாகவும் நுனிகளில் மெலிதாகவும் உள்பக்கத்தை மட்டும் சீவி, எண்ணெய் பூசிக் கனலில் வாட்டி, 'மருள்' செடியின் நாரைத் திரித்து நாணாகக் கட்டினாள். "ஏட்டி, வெளித்தோலுல கத்தி படப்பிடாது. அதுதான் இழுப்பைத் தாங்குது" என்பாள்.

அந்த ஐப்பசியில், ஆற்றின் நடுவே 'திட்டில்' மேய்ந்த பசுவை ஓட்டிவரப் போன அப்பாவை வெள்ளம் அங்கேயே மடக்கிவிட்டது. கரையில் கூடியவர்கள் கல்லில் கயிறு கட்டி எறிந்து பார்த்தார்கள்; பாதி தூரம்கூடப் போகவில்லை. தண்ணீர் அப்பாவின் முழங்காலுக்கு ஏறியபோது அக்கா வில்லோடு ஓடிவந்து, அம்பின் வாலில் மெல்லிய நூலையும் நூலின் மறுமுனையில் கயிற்றையும் முடிந்தாள். முதல் அம்பு தண்ணீரில் விழுந்தது. அடுத்ததற்கு நாணைக் காதுக்கும் பின்னால் இழுத்தாள். அம்பு அப்பாவின் காலடிக்குப் பறந்தது, வில் பிளந்து அதன் சிம்பு அவள் கன்னத்தைக் கிழித்தது.

அப்பா நூலை இழுத்து, வந்த கயிற்றைத் திட்டில் நின்ற மருதமரத்தில் கட்டி, அதைப் பிடித்தே கரையேறினார். பசு வெள்ளத்தோடு போய்விட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்து, "என்ன காரியம்ட்டி பண்ணிட்ட" என்று அழுதார்.

காயம் ஆறியும் தழும்பு நின்றது. அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த ராதாபுரத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், திரும்ப வரவில்லை. தையில், கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவருக்கு அவளை இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். தூத்துக்குடியில் படகேறுமுன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கீங்கள்லா, அது போதும். அடுத்த தைக்கு வந்துருவேன்" என்றாள்.

நான்கு கடிதங்கள் வந்தன. பிறகு ஒன்றும் இல்லை. அந்தக் கடையை மூடிவிட்டதாக மட்டும் யாரோ வந்து சொன்னார்கள்.

அப்பா இன்னும் இருபது வருஷம் இருந்தார். தபால்காரர் வரும் நேரத்தில் ஒருநாளும் வீட்டைவிட்டுப் போனதில்லை. இப்போது அப்பாவும் இல்லை, அந்தத் திட்டையும் ஆறு கரைத்துவிட்டது. தெருவில் தபால்காரரின் குரல் கேட்டால் நான்தான் எழுந்து வாசலுக்குப் போகிறேன்.