ஊருணியில் மைனஸ் தண்ணீர்

பொறியியல் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துவது, பந்தியில் பாகற்காய் பரிமாறுவது மாதிரி. நாம் பக்கத்தில் போகும்போதே இலைக்கு மேல் கை வந்துவிடும். கணக்கில் அரியர் வைத்தவர்களே, வைத்த பிள்ளைகளைப் பெற்றவர்களே, என் பாடு உங்களுக்குத் தெரியாததா?

படித்ததும் எழுதியதும்

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கல்லூரி. முதல் வருஷக் கணக்கில் தோற்ற பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் பிள்ளைகள் கணக்கைப் போடுவதில்லை, மனப்பாடம் செய்வார்கள். 'இம்பார்ட்டன்ட்' என்று சீனியர்கள் குறித்துக் கொடுத்ததை, கூட்டல் கழித்தல் உட்பட அப்படியே நெட்டுரு.

முதல் டெஸ்டில் புத்தகக் கணக்கில் ஒரே ஒரு எண்ணை மாற்றிக் கொடுத்தேன். சிவில் படிக்கும் முத்துலட்சுமி, புத்தகத்தில் உள்ள விடையையே அழகாக எழுதிக் கட்டம் போட்டு வைத்திருந்தாள். காளையார்கோவில் பக்கம் விவசாயக் குடும்பம். வீட்டிலிருந்து காலேஜுக்கு வந்த முதல் ஆள். அரியர் இருந்தால் ஆள் எடுக்க வரும் கம்பெனி நேர்காணலில் உட்காரவே விடமாட்டார்கள். அதற்குமுன் அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பரீட்சை. பயந்துபோயிருப்பாளே என்று கூப்பிட்டு விசாரித்தால், அவளுக்கு வருத்தமெல்லாம் என் மேல்தான்.

"நான் படிச்சதைத்தான் மேடம் எழுதினேன். நீங்கதான் நம்பரை மாத்திப்புட்டீக."

வகுப்பு எங்கே?

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவள் மேல் இல்லை. இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை. மறுவாரம் எல்லாரையும் டேப்பும் கயிறுமாகக் கல்லூரிக்குப் பின்னால் வற்றிக் கிடந்த ஊருணிக்குக் கூட்டிப்போனேன். கரைக்குக் கரை கயிறு கட்டி, அங்கங்கே கயிற்றிலிருந்து தரை எவ்வளவு ஆழம் என்று அளந்தார்கள். நிரம்பினால் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, ஆழத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டியதுதான். கட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போய்க் கூட்டுவதற்குத்தான் டபுள் இன்டகிரேஷன் என்று பெயர் என்றேன். இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று சிலர் முகத்தில் ஏமாற்றமே தெரிந்தது.

வகுப்பைத் தேடிக்கொண்டு துறைத் தலைவர் குடையோடு வந்துவிட்டார். கரையில் நின்று எங்களை ஒருமுறை பார்த்தார், வறண்ட ஊருணியை ஒருமுறை பார்த்தார்.

"சிலபஸ் முடியலைன்னா, நீங்களும் பிள்ளைகளும் இங்குட்டே இருந்துக்கிறலாம்மா."

கட்டம் போட்ட விடை

மறுநாள் அந்த அளவுகளை வைத்து, வகுப்பில் சரவணன் என்ற பையன் போர்டில் கணக்குப் போட்டான். மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் மாற்றிப் போட்டதால் விடை மைனஸில் வந்தது. வகுப்பே அதைக் காப்பியடித்துக் கட்டம் போட்டது. முத்துலட்சுமி மட்டும் பேனாவை வைத்துவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் தொழிலில் அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. அவளே எழுந்துபோய் வரிவரியாகப் பார்த்து, எல்லைகளைத் திருப்பிப் போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சரவணனைக் கேட்ட கேள்வியை வீட்டுக்குப் போயும் நினைத்துச் சிரித்தேன்.

"ஊருணியில மைனஸ் தண்ணி எப்படிடா நிக்கும்?"

ரிசல்ட்

பரீட்சையில் பெரிய கணக்கு எந்த 'இம்பார்ட்டன்ட்'டிலும் இல்லாதது. வெளியே வந்த முத்துலட்சுமியின் முகம் வாடியிருந்தது. சொந்தமாக யோசித்து ஏதோ எழுதியிருப்பதாகச் சொன்னாள். ரிசல்ட் வரும்வரை அவளைவிட நான்தான் அதிகமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ரிசல்ட் அன்று மதியம் நேராக என் அறைக்கு வந்தாள். நேர்காணலுக்குப் பேர் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். நான் கையைப் பிடித்துக் குலுக்கி முடிப்பதற்குள், மடித்து வைத்திருந்த கேள்வித்தாளை மேசையில் விரித்தாள்.

"பாஸாயிட்டேன் மேடம். ஆனா இந்தக் கணக்கு சரியா வந்துச்சான்னு இன்னும் தெரியலை. ஒருக்கப் போட்டுப் பாப்பமா?"

பாஸான பிறகும் சந்தேகம் கேட்க ஒரு பிள்ளை வருவதுதான் கணக்கு வாத்தியாருக்குக் கிடைக்கிற பெரிய மரியாதை என்பதால், அன்றைய மீட்டிங்குக்கு நான் வராததற்குத் துறைத் தலைவர் விளக்கம் கேட்டபோது சந்தோஷமாகவே எழுதிக் கொடுத்தேன்.