கோலுக்குக் கீழே வந்த பத்தாவது ஆடு

ஆட்டுக்காரர் அவசரக்காரர், யாரும் கூப்பிடும் முன்பே கதவைத் திறப்பார். கேட்கும் முன்பே வாக்குக் கொடுப்பார். மனைவிக்கு வயிற்றில் அறுவை நடந்த அன்று, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலும் அதே அவசரம்தான். "இவ உயிரோட வீடு வந்து சேர்ந்தா, மந்தையில பத்துல ஒண்ணு உமக்கு, ஆண்டவரே!" வேதத்தில் யாக்கோபு கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்து, பத்தில் ஒன்று தருவதாகக் கடவுளுக்குச் செய்த பொருத்தனையைச் சபையில் பல முறை கேட்டவர். தசமபாகம் என்பது அவர் மனதில் அப்படிப் பதிந்திருந்தது.

மனைவி வீடு வந்து சேர்ந்தாள். எழுந்திருக்கத்தான் இல்லை. முதுகில் படுக்கைப் புண். எதைக் கொடுத்தாலும் வாந்தி. சீமாட்டி என்ற வெள்ளாட்டின் பால் மட்டும் தங்கியது. அதையும் தண்ணீர் கலந்து காய்ச்சி, தலையை உயர்த்தி வைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். மந்தையில் கறவையில் இருந்ததே அந்த ஒன்றுதான்.

வாக்கைக் காப்பாற்ற, பட்டி வாசலில் கோலை நீட்டிப் பிடித்தார். வேதத்தில் உள்ள முறை அது. ஆடுகள் தம் போக்கில் கோலுக்குக் கீழே வெளியேறும். பத்தாவதாக வருவது கர்த்தருடையது. பொறுக்கி எடுக்கும் வேலை மனிதனுக்கு இல்லை.

பத்தாவதாக, அசைபோட்டுக்கொண்டே, சீமாட்டி வந்தது.

அவர் அதைப் பட்டிக்குள் தள்ளிவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு நொண்டி ஆட்டை இழுத்துக் கட்டினார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சபையில் வேதம் வாசிக்கும் உபதேசியாரிடம் ஓடினார்.

உபதேசியார் பூசி மெழுகவில்லை. "நல்லது கெட்டது பாக்கக் கூடாது, மாத்தக் கூடாதுன்னு இருக்கு. மாத்தினா ரெண்டுமே கர்த்தருக்கு. பணம் குடுத்து மீட்கவும் முடியாது."

"அப்ப ரெண்டும் போச்சா? ஆண்டவர் என்ன பாலா குடிக்கிறார்?"

"அவர் குடிக்கல. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பத்துல ஒரு பங்கு யாருக்குன்னும் எழுதியிருக்கு. உங்க வாசலுக்குள்ள இருக்கிற, கோயில் ஊழியம் செய்யிற லேவியன், வேற நாட்டுலயிருந்து வந்த பரதேசி, திக்கத்த பிள்ளை, விதவை. அவங்க வயிறு நிறையணும்."

"என் பொண்டாட்டி?"

"அவளுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

நான் செத்து மனைவி விதவையாகியிருந்தால் அவளுக்குப் பால் கிடைத்திருக்குமோ என்று நினைத்தபடியே வீடு திரும்பினார்.

காலையில் புண் கட்டும் பெண் வந்தாள். வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் இறந்து, சின்னப் பையனோடு ஒற்றை அறையில் இருப்பவள். ஆட்டுக்காரர் சீமாட்டி, நொண்டி ஆடு இரண்டின் கயிறுகளையும் அவளிடம் நீட்டினார்.

"என்னண்ணே, கூலிக்குப் பதிலா ஆடா?"

அவர் நடந்ததைச் சொல்லத் தொடங்கி, பாதியில் உடைந்துபோனார்.

"அழுறதை அப்புறம் வச்சுக்கலாம். அக்காவை அந்தப் பக்கம் புரட்டுங்க." புண்ணைக் கழுவி, கட்டுப் போட்டு முடித்த பிறகுதான் கயிறுகளை வாங்கினாள். "அப்ப இது ரெண்டும் என் ஆடு. திரும்பக் கேக்கக் கூடாது."

"கேக்கமாட்டேன்." அவள் விளையாடுகிறாள் என்று கொஞ்சம் நம்பினார். அவள் விளையாடவில்லை.

"என் அறையில கட்ட இடமில்ல. இங்கயே நிக்கட்டும், தீனி உங்களோடது." சீமாட்டியைக் கறந்து, பாதியைப் பாட்டிலில் ஊற்றி மூடினாள். "என் பையன் பாலைக் கண்டு ரொம்ப நாளாச்சு." மீதியை அடுப்பில் வைத்தாள். "இது அக்காவுக்கு. நான் குடுக்கிறது, நீங்க இல்ல."

பாதி போதாது என்று அவருக்குத் தெரியும். மனைவியின் தலையைத் தூக்கிப் பிடித்தார். பால் ஒவ்வொரு ஸ்பூனாக இறங்கியது, வாந்தி வரவில்லை. கிண்ணம் காலியானதும் மனைவி வாயைத் திறந்தபடியே இருந்தாள்.

"இன்னும்..."

"நாளைக்கு நிறையத் தர்றேன்மா" என்றார் ஆட்டுக்காரர். பழக்கதோஷம், மறுபடியும் ஒரு வாக்கு. அதுவும் அடுத்தவள் பாலை. திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

அவள் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கும் பாதிதான்" என்றாள்.