முழு விலைப் பட்டாணி

எட்டு மாடிக் கட்டடத்தில் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மூன்று பேர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாலும் நம் லிஃப்ட் மெக்கானிக் பதறமாட்டார். மொட்டை மாடி அறையைத் திறந்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, பெட்டியைப் பக்குவமாக ஐந்தாவது மாடிக்கு இறக்கி, வியர்த்து வழிந்து வெளியே வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார். அவர்கள் ஒரு மடக்குக் குடித்ததும், “இந்தப் பக்கம் காய்கறிக் கடை எங்கங்க இருக்கு?” என்று கேட்பார். உள்ளே மாட்டிக்கொண்டதைக்கூட மறந்துவிட்ட சிலர் அந்தக் கேள்வியை இன்னும் மறக்கவில்லை.

இருபத்தாறு வருடமாக ஊரில் உள்ள லிஃப்டுகளில் பாதி அவர் கையில்தான் ஏறி இறங்குகின்றன. அதனால் அவர் கால் படாத தெரு இல்லை. எந்தத் தெருவில் எந்தக் காயின் விலை இறங்கினாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஆஸ்பத்திரி சாலை சூப்பர் மார்க்கெட்டில் மாலை ஐந்தரைக்கு ஒரு பெண் விலையைக் குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்ட வருவாள். அவள் ஒட்டிக்கொண்டே போக, இவர் கூடையோடு இரண்டடி தள்ளிப் பின்னாலேயே போவார். ரயில் நிலையத்துச் சந்தையில் வண்டிகளைக் கட்டுவதற்கு முன்னால், மிச்சம் இருப்பதையெல்லாம் கூறு கூறாக வைத்து விற்பார்கள். அந்த அரை மணி நேரத்துக்காக அவர் எத்தனையோ மேலதிகாரிகளிடம் பொய் சொல்லியிருக்கிறார்.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். விடிந்ததும் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். மகளுக்கு இரண்டு வயதானபோதே இரவுச் சாப்பாடு இவர் பொறுப்புக்கு வந்துவிட்டது. கைமணம் உள்ள மனிதர்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் என்ன சமைக்கலாம் என்று அவர் ஒரு நாளும் யோசித்தது கிடையாது. அதைச் சந்தை முடிவு செய்துவிடும். தக்காளி மலிந்தால் வீட்டில் சூப், சாறு, வதக்கல் எல்லாம் சிவப்பு. முட்டைக்கோஸ் மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். பூசணி வரத்து தொடங்கிவிட்டால் அவித்த பூசணி, மசித்த பூசணி, வறுத்த பூசணி என்று பதினொரு நாள் தொடர்ந்து போன வரலாறு உண்டு. முதல் இரண்டு நாள் எல்லாரும் விரலை நக்குவார்கள். ஐந்தாம் நாள் பேச்சு குறையும். ஒன்பதாம் நாள் மூடியைத் திறப்பதற்கு முன்பே மச்சினன், “அத்தான், இன்னைக்கும் அதே விருந்தாளிதானா?” என்று கேட்பான். பள்ளி வேன் ஓட்டும் அந்த மச்சினன் கல்யாணம் ஆகாதவன். அக்கா வீட்டுச் சாப்பாட்டை விட்டால் அவனுக்கும் வேறு வழி கிடையாது.

இவரோ அசைந்துகொடுக்கமாட்டார். “எந்தக் காய் மலிஞ்சு கிடக்குதோ அதுலதான் ருசி. பருவம் தப்பி வர்றதுல விலை மட்டும்தான் இருக்கும்” என்பார். அதற்கு மேல் வாதாட யாருக்கும் தெம்பு இருந்ததில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு சனிக்கிழமை சுருக்கென்று ஒன்று தைத்துவிட்டது.

மகள் படிப்பை முடித்துவிட்டாள். வேறு ஊரில், கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் ஞாயிறு காலை பயணம். அவள் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டே சிநேகிதியுடன் போனில் பேசிக்கொண்டிருந்தாள். இவர் வெளியே குளியலறைத் தாழ்ப்பாளை முடுக்கிக்கொண்டிருந்தார். ஒட்டுக்கேட்கும் பழக்கமெல்லாம் இல்லை. காதில் தானாக விழுந்தது.

“அங்க போனதும் முதல் வேலை என்ன தெரியுமா? விலையைப் பாக்காம ஏதாவது வாங்கிச் சாப்பிடணும்டி” என்று சொல்லி அவள் சிரித்தாள்.

திருப்புளி கையிலேயே நின்றுபோனது. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அந்த வாரம் முழுவதும் அவர் எந்த லிஃப்டின் மேல் ஏறி நின்றாலும் அந்தச் சிரிப்பு கூடவே ஏறி இறங்கியது. இத்தனை வருடம் வைத்ததை வாய் திறக்காமல் தின்ற பிள்ளை. பிடித்துத் தின்றாளா, வேறு வழியில்லாமல் தின்றாளா? ஒற்றைப் பிள்ளைக்குக் குறை வைத்துவிட்டோமோ? கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை அவள் அறை வாசல் வரை போனார். இரண்டு முறையும் “தாழ்ப்பாள் சரியா விழுதா பாப்பா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

கடைசியில், அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துவிடுவது என்று முடிவு செய்தார். அங்கேதான் சிக்கல். அவளுக்கு என்ன பிடிக்கும்? ஊரில் எந்தக் கடையில் எப்போது என்ன மலியும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனிதருக்கு இந்த ஒன்று தெரியவில்லை. மனைவியைக் கேட்கலாம், கேட்டால் காலம் பூராவும் சொல்லிக்காட்டுவாள். யோசித்து யோசித்து, ஐந்து வயதில் ஒரு நாள் அவள் காய்கறிப் பையிலிருந்த பச்சைப் பட்டாணி முழுவதையும் சமையலறைக்கு வருவதற்குள் உரித்துத் தின்று தீர்த்தது ஞாபகம் வந்தது. பட்டாணிதான் என்று தீர்மானித்தார். பட்டாணிக்கு அது பருவமே இல்லை என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை மாலை சந்தைக்குப் போனார். வழக்கமாக இவருக்கென்று கூறு ஒதுக்கிவைக்கும் காய்கறிக்கார அம்மா, இவரைக் கண்டதும் பூசணித் துண்டுகளை எடுத்து முன்னால் வைத்தாள்.

“அது வேண்டாம். பட்டாணி ஒரு கிலோ போடு” என்றார்.

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அண்ணே, அது உங்களுக்கு வேண்டாம். விலையைக் கேட்டா திட்டுவீங்க.”

“விலையை நான் கேக்கலையே. நீ போடு.”

இருபது வருடப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதில்லை. தராசில் பட்டாணி விழுந்துகொண்டிருக்கும்போதே மெதுவாகக் கேட்டாள்: “வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களாண்ணே? உங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“எல்லாம் நல்லாதான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அவர் நோட்டை நீட்டினார். மீதியை எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டார். இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதில் அந்த அம்மாவுக்கு அதற்கு மேல் சந்தேகமே இல்லை.

கால் மணி நேரம் கழித்து அந்தப் பக்கமாக வேனை நிறுத்தி வாழைப்பழம் வாங்க வந்த மச்சினனிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். “பேரம் பேசலை தம்பி. மீதியைக்கூட எண்ணலை. மனுஷன் எதையோ மனசுல வச்சுக்கிட்டு இருக்காரு. பாத்துக்குங்க.” மச்சினன் எடுத்த வாழைப்பழத்தை அப்படியே வைத்துவிட்டான். உடனே அக்காவுக்குப் போன் போட்டான். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தான் வேலை பார்க்கும் பரிசோதனை நிலையத்தின் பதிவுகளில் கணவன் பேரைத் தேடினாள், இல்லை. இல்லாதது அவளை இன்னும் பயமுறுத்தியது. தனக்குத் தெரியக் கூடாது என்று வேறு எங்கேயோ போய் ரத்தம் கொடுத்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் போனில் மகளுக்கும் சொன்னாள். காதும் காதும் வைத்ததுபோல மூன்று பேருக்குள்ளும் விஷயம் பரவிவிட்டது. பட்டாணியை உரித்துக்கொண்டிருந்தவருக்கு மட்டும் தெரியாது.

ஏழரைக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெண்ணெயில் புரட்டிய பட்டாணி, நடுவில் ஒரு பெரிய கிண்ணம் நிறைய. மச்சினன் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காததோடு எழுந்துபோய் இவருக்குத் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து வைத்தான். அந்த வீட்டில் சாப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து அவன் செய்திராத காரியம். மனைவி இவர் தட்டில்தான் முதலில் பரிமாறினாள். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதைக்கூட அவள் சொல்லவில்லை. மகள் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு பட்டாணியாக எடுத்து வாயில் போட்டாள்.

பிள்ளை ஊருக்குப் போகிற வருத்தம் என்றுதான் இவர் நினைத்தார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்திருக்கிறதா, இல்லையா என்று ஒரு குறிப்பும் தெரியவில்லை.

“இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ பாப்பா. நிறைய இருக்கு.”

அவ்வளவுதான். மகள் தட்டை நகர்த்திவிட்டு அழ ஆரம்பித்தாள்.

“நான் வேலைக்குப் போகலைப்பா. போன் பண்ணிச் சொல்லிடறேன். இங்கயே இருக்கேன்.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏன்? என்ன ஆச்சு?”

“அதை நீங்கதான் சொல்லணும்” என்றாள் மனைவி. குரலில் அழுகையும் கோபமும் சரிக்குச் சரி இருந்தன. “எங்க போய் ரத்தம் குடுத்தீங்க? டாக்டர் என்ன சொன்னார்? என்கிட்ட மறைக்கலாமா?”

“எந்த டாக்டர்?”

“அத்தான், மறைக்காதீங்க. பட்டாணி வாங்கினது எங்களுக்குத் தெரியும்” என்றான் மச்சினன்.

ஒரு மனிதன் பட்டாணி வாங்கியதை இப்படிக் கொலைக் குற்றம்போல யாரும் சொல்லிக் கேட்டிருக்கமாட்டார்கள். விஷயம் பிடிபட அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. பிடிபட்டதும் சிரிப்பு வந்தது. மகளின் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து, அவள் கிடைத்த வேலையை ஒரு நொடியில் விட்டுவிடத் தயாராக இருந்தாள். இனியும் மூடி மறைத்தால் தப்பு என்று அவருக்குத் தோன்றியது.

“எனக்கு ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்கேன்” என்றார். “போன வாரம் நீ போன்ல பேசினது காதுல விழுந்துச்சு பாப்பா. விலையைப் பாக்காம சாப்பிடணும்னு சொன்னியே. அதுல இருந்து மனசே சரியில்ல. நான் எது வாங்கிட்டு வந்தாலும் நீ வேண்டாம்னு சொன்னதில்ல. பிடிச்சிருக்குன்னு நானா நினைச்சுக்கிட்டேன். உன் வாயைக் கட்டி வளர்த்துட்டேனோன்னு பயமா இருக்கு. அதான் வாங்கினேன்.”

மனைவி பெருமூச்சு விட்டாள். மச்சினன், “இதுக்கா நான் வேனை அந்த ஓட்டம் ஓட்டினேன்” என்று முணுமுணுத்துவிட்டு, பசி திரும்பியவனாகக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தான். இரண்டு கரண்டி தின்றுபார்த்தான். “அத்தான், தப்பா நினைக்காதீங்க. பட்டாணி மாவு மாதிரி இருக்கு” என்றான்.

“பருவம் இல்லாத பட்டாணி. வேற எப்படி இருக்கும்?” என்றார் அவர், தன்னை அறியாமலேயே. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

பிறகு சொன்னாள்: “வாயைக் கொஞ்சம் கட்டினீங்கதான்பா. பொய் சொல்ல மாட்டேன். ஒரு சிநேகிதியைக்கூட நான் சாப்பிடக் கூப்பிட்டதில்ல. அன்னைக்கு எது மலிவோ, என்ன இருக்குமோன்னு வெக்கமா இருக்கும்.”

அவர் தலையை ஆட்டினார். வலித்தது. ஆனால் ஒரு வாரமாக உள்ளே குடைந்துகொண்டிருந்ததைவிட, இப்படி முகத்துக்கு நேராகக் கேட்டது தேவலை என்றும் இருந்தது.

“நான் போனதும் முதல்ல ரெண்டு வாரம் விடுதியில தங்கணும் இல்ல? அங்க சாப்பாட்டு அட்டவணை அனுப்பியிருந்தாங்க” என்றாள் அவள். “திங்கக்கிழமை கேரட், செவ்வாய்க்கிழமை பீன்ஸ். வருஷம் முழுக்க அதேதான். அதைப் படிச்சப்ப எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சுப்பா. நம்ம வீட்ல தட்டைப் பாத்தே எந்த மாசம்னு சொல்லிடலாம். அங்க எப்படித் தெரிஞ்சுக்கப்போறேன்?”

 அவர் மேசையின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அதுக்கப்புறம் கூட வேலை பாக்கிற பொண்ணோட சேர்ந்து வீடு எடுக்கறேன். நீங்க அங்க வரணும். நான் சமைச்சுப் போடறேன். ஆனா ஒண்ணு, எது என்ன விலைன்னு நீங்க கேக்கவே கூடாது.”

மனைவி இடைமறித்தாள்: “அதுக்கு நீ வேலைக்குப் போகாம இருக்கறதே சுலபம்டி.”

அவர் உண்மையாகவே யோசித்தார். வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிற ரகம். யோசித்துவிட்டு, “கேக்க மாட்டேன்” என்றார்.

“கடைக்காரங்ககிட்டயும்?”

இதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது. “சரி. கடைக்காரங்ககிட்டயும்.”

மச்சினன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தான். அவரோ எதையோ கணக்குப் போடுகிறவர்போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “எந்த மாசம் வரட்டும் பாப்பா?” என்று கேட்டார். அந்த ஊரில் எந்த மாதத்தில் எது மலியும் என்று யோசித்துத்தான் கேட்கிறார் என்பது அங்கிருந்த மூன்று பேருக்குமே தெரியும்.

மகள் யோசிக்கவே இல்லை. “அடுத்த மாசமே வாங்கப்பா” என்றாள். சொல்லிவிட்டு, நகர்த்தி வைத்த தட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.