பத்தாவது நாள் வருகை

இது நடந்தது. நம்பாதவர்கள் ஊட்டி காந்தலுக்கு வந்து கீர்த்திவாசனையே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். திரும்பமாட்டான். தோளைத் தொட்டால்தான் திரும்புவான்.

2000, டிசம்பர். தேயிலை விலை விழுந்த வேகத்தில் மஞ்சூர் பக்கம் எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாய்ப் பூட்டிக்கொண்டிருந்த சமயம். கல்லூரியில் கீர்த்திவாசனின் வருகை அதைவிட மோசமாய் விழுந்திருந்தது. வராத பதினோரு பேருக்குக் குரல் மாற்றி "பிரசன்ட் சார்" சொல்லிப் பிடிபட்டவன். தண்டனையாக அவன் வருகையில் வெட்டு.

பேராசிரியர் ஆறுமுகசாமி ஒரு வழி சொன்னார். "வனவிலங்குப் பாதுகாப்புக்குப் பத்து நாள் தன்னார்வலரா வாப்பா. பரீட்சை எழுதலாம். ஒரு நாள் குறைஞ்சாலும் அடுத்த வருசந்தான்."

பூட்டிய எஸ்டேட்டுகளில் பன்றிக்கென்று யாரோ பழைய கிளட்ச் வயரில் சுருக்கு வைத்திருந்தார்கள். பன்றியோடு கடமானும் சிறுத்தையும் மாட்டின. அந்தச் சுருக்குகளைத் தேடிக் கழற்றுவதுதான் வேலை. ஒன்பது நாள் ஒழுங்காய்ப் போனது.

பத்தாவது நாள். கூட வந்தது வகுப்புத் தோழி ஷண்முகப்ரியா. வழி காட்ட அழகையா. இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, அன்று போன எஸ்டேட்டிலேயே இருபது வருடம் உழைத்தவர்.

மதியம் 3.40. மூட்டம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"தம்பி, நீங்க ஃபேக்டரி ஆபீசுக்குள்ள குந்துங்க. நானும் பாப்பாவும் மேல ரெண்டு சுருக்கு எடுத்துட்டு வாறோம்" என்றார் அழகையா.

"அங்க பேய் இருக்குமுங்களா?"

"சம்பளம் இல்லாத எடத்துல பேய்க்கு என்ன தம்பி வேல?"

"இருந்தாலும் இவனப் பார்த்ததும் லீவு போட்டுட்டு ஓடிருமுங்க" என்றாள் ஷண்முகப்ரியா.

3.52. ஆபீஸ். தான் கழற்றிய இரண்டு சுருக்குகளை ஆணியில் மாட்டினான். மேசையில் செக்ரோல். எஸ்டேட் ஆட்களின் வருகைப் பதிவேடு. மார்ச் மாதத்தோடு நின்றிருந்தது.

சும்மா இருக்க அவனுக்கு வராது. பதிவேட்டோடு வாசலில் போய் நின்றான். எதிரே பெரட்டுக் களம். ஆட்கள் விடியலில் வரிசையாய் நின்று பெயர் கொடுக்கும் இடம். இப்போது வெறும் மூட்டம். அதைப் பார்த்துச் சத்தமாய் வாசித்தான்.

"இருளப்பன்!" தொண்டையைக் கரகரப்பாக்கி அவனே பதில் சொன்னான். "வந்துட்டேங்க!"

"ரோஸ்மேரி!" மூக்கால். "இருக்கேனுங்க!"

பழகிய தொழில். கடைசிப் பெயர் வந்தபோது மணி 4.05.

"ஆண்டாயி!" கிழவிக் குரலில் இழுத்தான். "இருக்கேன்யா…"

சரக்.

கொழுந்து கிள்ளும் சத்தம்.

சரக்… சரக்…

ஒன்பது மாதமாய்க் கொழுந்து கிள்ள ஆளில்லாத எஸ்டேட் அது.

சரக்.

நின்றது.

"ஆண்டாயி நானு." காதோரம். "நீ யாரு?"

ஓடத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை. குளிரில் விரல் மரத்திருந்தது. மனசும் அப்படியே. கேட்டதற்குச் சொன்னான்.

"கீர்த்திவாசன். பி.ஏ. ரெண்டாம் வருசம்."

"ம்."

கையில் இருந்த பதிவேடு இல்லை. முதுகுக்குப் பின்னே, மேசையில், பேனா கீறும் சத்தம்…

4.07.

அடுத்து அவன் மணி பார்த்தபோது 6.15. ஊட்டி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. நாளெல்லாம் கொழுந்து கிள்ளிய கறை.

மறுநாள் ஆறுமுகசாமி நோட்டைக் காட்டினார். ஒன்பது நாள். பத்தாவது நாள் ஆப்சென்ட்.

"வந்தேன் சார்! இவளையே கேளுங்க!"

"ஏன்டா பொய் சொல்ற?" என்றாள் ஷண்முகப்ரியா. "மஞ்சூர் பஸ் ஸ்டாண்டுல அரை மணி நேரம் உனக்காக நின்னேன். நீ வரவே இல்ல. நானும் அழகையா அண்ணனுந்தான் மேல போனோம்."

அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

சாட்சி காட்ட அவளை இழுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனான். அழகையாவும் அதையே சொன்னார். "நேத்து நீங்க வரல தம்பி."

ஆபீஸ். ஆணியில் இரண்டு சுருக்குகள் தொங்கின. அழகையா செக்ரோலைத் திறந்தார். மார்ச் பக்கம். கணக்கப்பிள்ளையின் பழைய கையெழுத்து, மங்கிய நீல மை. ஆண்டாயிக்குக் கீழே, அதே கையெழுத்தில், புதிதாய் ஒரு பெயர்.

கீர்த்திவாசன். முழு நாள்.

அழகையா ஆண்டாயி பெயர் மேல் விரல் வைத்தார். "எஸ்டேட் பூட்டின பெறகும் ஆண்டாயி அக்கா தெனம் விடிய வந்து களத்துல நிக்கும். பேரு கூப்புடாம எப்படிப் போறதுன்னு கேக்கும். ஐப்பசி மழையில நின்ன எடத்துலயே செத்துக் கெடந்துச்சு."

ஆறுமுகசாமி பரீட்சைக்கு விடவில்லை. வேறு பதிவேட்டில் இருக்கும் வருகை கல்லூரிக்குச் செல்லாதாம். கீர்த்திவாசனும் வாதாடவில்லை.

அன்று எஸ்டேட் ஆபீசில் அழகையா செக்ரோலின் அடுத்த பக்கத்தையும் திருப்பியிருந்தார். ஜனவரிக்குப் புதிதாய்க் கோடு போட்டிருந்தது. இரண்டே பெயர்கள்.

ஆண்டாயி.

கீர்த்திவாசன்.