அஞ்சலைக்கு மட்டும் வரும் பதில்

இங்கே காலை ஏழு மணிக்கும் இருட்டு விலகுவதில்லை. ஊருக்கு எழுதினால் யாரும் நம்புவதில்லை. மலேசியாவில் கோலா சிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணிக்கு, அதாவது ஆபீஸ் எழுத்தருக்கு, வாழ்க்கைப்பட்டு எண்பதுகளில் வந்து சேர்ந்தவள் நான். விடியுமுன்னே முழங்காற்படியிட வேண்டும் என்று வளர்க்கப்பட்ட எனக்கு, இந்த ஊர்ச் சூரியன் ஆடி அசைந்து வருவதற்குள் ஜெபிக்க இருந்ததெல்லாம் தீர்ந்துவிடும். மிச்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஊர்ச் சபையை நடத்துகிற உபதேசியார் அப்பா. காலை ஜெபம் முடிந்ததும், "இன்னைக்கு ஆண்டவர் உன்கிட்ட பேசினாராம்மா?" என்று கேட்பார். எட்டு வயதில் ஒருநாள், "பேசினாருப்பா" என்றேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உண்மையில் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. ஆனாலும் விடாமல் முழங்கால் போட்டேன், என்றைக்காவது கேட்டுவிடும் என்று.

இங்கே புதன்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து அஞ்சலை வருவாள். உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குகிறவள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள், ஞானஸ்நானம் பெற்று மூன்றே வருடம். எழுத்துக்கூட்டித்தான் வேதம் வாசிப்பாள். ஆனால் அவள் ஜெபித்தால் என் வயிறு எரியும். "ஆண்டவரே, வேலை வாங்குற மண்டோரு இன்னிக்கும் திட்டிட்டாரு. நான் என்னா செய்யட்டும், சொல்லுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலப் பேசுவாள். பிறகு நிறுத்தித் தலையை லேசாகச் சாய்ப்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி" என்று தொடர்வாள். பதில் வருகிறது அவளுக்கு! நான் பரம்பரைக் கிறிஸ்தவள், நூறு பாட்டு மனப்பாடம், எனக்கு ஒரு சத்தமும் இல்லை. நேற்று வந்தவளுக்குக் கூப்பிட்ட குரலுக்குப் பதில். ஆண்டவர்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஒரு புதன்கிழமை, ஆண்டவர் செய்ததை ஒவ்வொருவரும் எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் அந்தக் கோபம் என்னை எழுப்பி நிறுத்தியது. "நேத்து காலையில ஜெபிக்கும்போது ஆண்டவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்" என்றேன். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். கூட்டம் கலைந்தும் அஞ்சலை போகவில்லை.

"கிராணியம்மா, எப்படி இருந்துச்சு அந்தக் கொரலு?"

"என்னைக் கேட்கிறீங்களே அக்கா. உங்களுக்குத்தான் தினமும் கேட்குதே. நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கிறீங்க."

"எனக்கா?" அவள் கண் நிறைந்துவிட்டது. "எதாச்சும் சொல்லுவாருன்னுதான் நெறுத்துறேன். மூணு வருசமா ஒண்ணும் வரல லா. சரி, நாளைக்குச் சொல்லுவாருன்னு நானே சமாதானம் பண்ணிக்கிறது. இப்பத்தான் புரியுது. அவருக்குப் படிச்சவங்க போதும் போல. இனிமே நான் வரல."

அவள் படியிறங்கிச் செருப்பைத் தேடினாள். பேசாமல் இருந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும். அவள் மூன்று வருடக் காத்திருப்பு என் ஒரு பொய்யால் முடிந்திருக்கும். பின்னாலேயே ஓடினேன்.

"பொய் சொன்னேன் அக்கா. எனக்கு ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. உங்கமேல பொறாமை. அதான் சொல்லிட்டேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாமி பேருலயா பொய் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு விறுவிறுவென்று லயத்துப் பக்கம் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சிற்றாலயத்தில் கிராணி குடும்பத்துக்கு முன்வரிசையில் பெஞ்சு, லயத்து மக்களுக்குப் பின்னால் பாய். அஞ்சலை வருவாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பாதி ஆராதனையில் வந்து, கடைசியில் பாயை விரித்தாள். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். முன்பெஞ்சிலிருந்து கணவர் திரும்பி முறைத்தார். அஞ்சலை என் முகத்தைப் பார்க்காமல் கொஞ்சம் நகர்ந்தாள், ஒரு ஆள் உட்காரப் போதாத அளவுக்கு.

ஒரு முழங்கால் அவள் பாயிலும் மற்றது வெறும் சிமென்ட்டிலுமாகப் படியிட்டேன். அவள் மெல்ல ஏதோ கேட்டுவிட்டு, வழக்கம்போல நிறுத்தித் தலையைச் சாய்த்தாள். நானும் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. சிமென்ட்டிலிருந்த கால் மரத்துப்போனது. பெஞ்சுக்கே எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அஞ்சலை அசையவே இல்லை, இன்னும் காத்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் எனக்கு வயிறு எரிந்தது.